குலுக்கல் எண்ணில் கதாபாத்திரம் உருவாக்குவது எப்படி: புதிதாக விளையாட உட்காருபவர்களுக்கு

மண்டபம், பாம்பன் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 15-ஆம் தேதி தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கரையில்தான். வலையைச் சரிபார்த்து, படகு மராமத்தும் முடிந்துவிட்டால் சாயங்காலம் முழுக்க நம் கையில் இருக்கும். பிள்ளைகளுக்கும் அப்போது பள்ளி விடுமுறை. அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் எங்கள் வீட்டுத் திண்ணையில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட உட்கார்ந்தோம். ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, டைஸ் என்கிற பகடையை உருட்டி முடிவு பார்க்கும் விளையாட்டு அது. நான் கதை நடத்தினேன். மச்சான், அக்கா மகள், கூட்டாளிகள் இரண்டு பேர் என நால்வர் விளையாடினார்கள்.

மூன்றாவது வாரத்தோடு அக்கா மகள் வருவதை நிறுத்திவிட்டாள். கதை பிடிக்காமல் போகவில்லை, யாரோடும் சண்டையும் இல்லை. பாத்திரத்தின் ஆறு திறன்களுக்காக முதல் நாள் குலுக்கிய எண்கள்தான் காரணம். எண் பெரிதாக இருந்தால் பாத்திரத்துக்குப் பலம். மச்சானுக்கு முதலில் மோசமாக விழுந்தது. “மாப்ள, ஒரே ஒரு தடவை” என்று கெஞ்சினான், மறுபடி குலுக்கவிட்டேன். விழுந்தது 16, 16, 15, 14, 13, 11. அக்கா மகளுக்கு 13, 11, 10, 9, 8, 6. “இருக்கட்டும் மாமா, இதையே வச்சுக்கிறேன்” என்றாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் அவள் எதை முயன்றாலும் பாதிக்கு மேல் தவறியது. கேட்டவனுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது, கேட்காதவளுக்குக் கிடைக்கவில்லை. அதை அதிர்ஷ்டத்தின் தலையில் போட முடியாது. நடத்தியவன் நான், முறை வைக்காமல் தொடங்கியது என் தவறு.

அதற்குப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்து, இரண்டு மூன்று முறைகளை மாற்றி மாற்றி முயன்று, கடைசியில் ஒரு வழி பிடிபட்டது. அதை வைத்து நடத்திய தடைக்காலத்தில் தொடங்கிய நால்வரும் கடைசி வரை இருந்தார்கள், அக்கா மகளும் சேர்த்து. நீங்கள் முதல் ஆட்டத்திலேயே அந்த வழியில் போகலாம்.

1. எந்தப் பதிப்பு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நான் சொல்வதெல்லாம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பை வைத்து. அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு திறன்கள்: ஸ்ட்ரெங்த் என்கிற உடல் வலு, டெக்ஸ்டெரிட்டி என்கிற சுறுசுறுப்பு, கான்ஸ்டிட்யூஷன் என்கிற தாங்கும் சக்தி, இன்டெலிஜென்ஸ் என்கிற படிப்பறிவு, விஸ்டம் என்கிற கவனமும் விவேகமும், கரிஸ்மா என்கிற ஆளைக் கவரும் திறமை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தொடக்கத்தில் அது 3 முதல் 18 வரை இருக்கலாம்.

விளையாடும்போது அந்த எண்ணை நேராகப் பயன்படுத்துவது குறைவு. அதிலிருந்து வரும் மாடிஃபையர் என்கிற சிறிய எண்ணைத்தான் டைஸில் விழுந்ததோடு கூட்டுவீர்கள். எண்ணில் 10-ஐக் கழித்து, பாதியாக்கி, கீழ்ப்பக்கமாக முழு எண்ணாக்குங்கள். 10, 11 என்றால் 0. 12, 13 என்றால் +1. 14, 15 என்றால் +2. 16, 17 என்றால் +3. 18 என்றால் +4. கீழே வந்தால் 8, 9-க்கு -1, 6, 7-க்கு -2. இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதில்தான் நிற்கிறது.

ஐந்தாம் பதிப்பிலேயே இரண்டு விதிப்புத்தகம் உண்டு. 2014 புத்தகத்தில் பாத்திரத்தின் இனத்துக்கு (மனிதர், எல்ஃப் போல) ஏற்ப எண்கள் கொஞ்சம் கூடும். 2024 புத்தகத்தில் அந்தக் கூடுதல் பாத்திரத்தின் பின்னணியிலிருந்து வரும். ஒருவர் பழையதையும் இன்னொருவர் புதியதையும் படித்துவிட்டு வந்தால் சிலர் இரண்டு தடவை கூட்டிவிடுவார்கள். எங்களிடம் அது நடந்தது, கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் ஆனது. ஒரே பதிப்பு என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

2. பொருட்கள், செலவு

புத்தகம் வாங்கியே தீர வேண்டும் என்று இல்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியாகிவிட்டன. போனில் பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்ளலாம். முழுவதையும் அச்சடிக்க ஜெராக்ஸ் கடைக்குப் போகாதீர்கள், நூற்றுக்கணக்கான பக்கம் வரும். உங்கள் ஆட்கள் எடுக்கப்போகும் வகுப்புகளின், அதாவது போர்வீரர், மந்திரவாதி போன்ற பாத்திர வகைகளின், பக்கங்கள் மட்டும் போதும். எனக்கு ஐம்பது ரூபாய்க்குள் முடிந்தது.

பாத்திரத்தின் விவரங்களை எழுதிவைக்கும் கேரக்டர் ஷீட் ஆளுக்கு இரண்டு பிரதி எடுங்கள். முதல் பிரதி பென்சிலில் எழுதி அழித்து அழித்துக் கிழிந்துவிடும்.

விளையாட்டுக்கு ஏழு டைஸ் கொண்ட செட் ஒன்று வேண்டும். ஆன்லைனில் எனக்கு 350 ரூபாய் ஆனது, வந்து சேர ஒன்பது நாள். ஏப்ரல் நடுவில் தொடங்க நினைத்தால் மாதத் தொடக்கத்திலேயே ஆர்டர் போடுங்கள். நால்வருக்கு இரண்டு செட் இருந்தால் வசதி, ஒரு செட்டை வைத்தும் சமாளிக்கலாம்.

கடையில் கிடைக்கும் மலிவு டைஸில் உள்ளே காற்றுக் குமிழி இருந்து ஒரு பக்கம் கனமாக இருப்பதுண்டு. சந்தேகம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போங்கள். இனிமேல் கரையாது என்று அடியில் உப்பு தங்கும் வரை. பிளாஸ்டிக் டைஸ் பெரும்பாலும் அதில் மிதக்கும். விரலால் சுண்டிச் சுண்டிவிடுங்கள். பத்துத் தடவையும் ஒரே எண் மேலே வந்து நின்றால் அதை ஒதுக்கிவிடுங்கள். கடல் தண்ணீரில் செய்துபார்க்கலாமே என்று தோன்றும். அந்த உப்பு போதாது, டைஸ் மூழ்கிவிடும். உலோக டைஸுக்கு இந்தச் சோதனை ஆகாது.

வீட்டில் இருக்கும் தாயக்கட்டையை ஆறுமுக டைஸுக்குப் பதிலாக உருட்டாதீர்கள். அதன் நான்கு பக்கத்தில் 1, 2, 3, ஒரு வெற்றுப் பக்கம். கணக்கே வேறு. ஆனால் நாலுமுக டைஸ் தொலைந்துபோனால் தாயக்கட்டை நல்ல மாற்று, வெற்றுப் பக்கத்தை 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். சோழி வேண்டவே வேண்டாம். ஆறு சோழி போட்டால் இரண்டு, மூன்று, நாலுதான் திரும்பத் திரும்ப வரும், ஆறு விழுவது அபூர்வம். சோழியும் சோழியும் ஒரே மாதிரி விழுவதும் இல்லை.

இந்தக் கட்டுரைக்கு முக்கியமான பொருள் பதினெட்டுச் சீட்டுகள். அதற்குச் செலவே இல்லை. செய்முறை நாலாவது படியில்.

3. ஒப்பந்தத் தாள்: எண் எடுக்கும் முன்னால் எழுதுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். நான் பட்ட கஷ்டம் முழுக்க இந்த ஒரு தாள் இல்லாததால் வந்தது.

எண் விழுந்தபிறகு விதி பேசினால், ஒவ்வொருவரும் தன் எண்ணைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார்கள். நல்ல எண் விழுந்தவருக்கு மறுகுலுக்கல் அநியாயமாகத் தெரியும், மோசமாக விழுந்தவருக்கு அதுதான் நியாயமாகத் தெரியும். கூச்சப்படுகிறவர் வாயே திறக்க மாட்டார். எங்கள் பக்கத்தில் வயதில் சின்னவர்கள், குறிப்பாக மாமா, சித்தப்பா முறையில் இருப்பவர் நடத்தும்போது, “எனக்கு வேண்டாம்” என்று எளிதில் சொல்ல மாட்டார்கள். ஆகவே யாரும் கேட்காமலே எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி விதி முன்பே தாளில் இருக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் பக்கம் போதும். இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

எந்த முறையில் எண் எடுக்கிறோம்? எல்லோருக்கும் ஒரே முறையா? ஒருவருக்கு டைஸ், ஒருவருக்குச் சீட்டு என்று விடாதீர்கள்.

எண்களை விருப்பம்போல் திறன்களில் வைக்கலாமா, விழுந்த வரிசையிலேயே வைக்க வேண்டுமா?

மறுகுலுக்கல் எப்போது? “ரொம்ப மோசமாக இருந்தால்” என்று எழுதாதீர்கள், அந்த வார்த்தைக்கு ஆளுக்கொரு பொருள். எண்ணாக எழுதுங்கள். டைஸ் முறை என்றால் நான் வைப்பது: ஆறு மாடிஃபையரையும் கூட்டினால் +2-க்குக் கீழே வந்தாலோ, மிகப் பெரிய எண் 14-க்குக் கீழே இருந்தாலோ, ஆறையும் மறுபடி எடுத்தே ஆக வேண்டும். எடுத்தே ஆக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். எடுக்கலாம் என்று எழுதினால் கேட்கத் தயங்குபவர் மறுபடியும் கீழேயே நிற்பார்.

மேல் பக்கத்துக்கும் எல்லை உண்டா? மாடிஃபையர் கூட்டல் +9-ஐத் தாண்டினால் அதையும் மறுபடி எடுக்கச் சொல்கிறோமா? எங்கள் கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பு வந்தது, விழுந்ததைப் பிடுங்குவது போல இருக்கிறது என்றார்கள். நான் விட்டுக்கொடுத்தேன். உங்கள் கூட்டம் எதை ஏற்கிறதோ அதை எழுதுங்கள். எழுதாமல் மட்டும் விடாதீர்கள்.

யார் முன்னால் எடுக்கிறோம்? தனியாக வீட்டில் குலுக்கிவிட்டு வந்து எண்ணைச் சொல்வதை நான் ஏற்பதில்லை. அப்படி வருபவர் பொய் சொல்வார் என்ற எண்ணத்தில் இல்லை. உண்மையிலேயே அவருக்கு 18 விழுந்திருந்தாலும் மற்றவர் மனதில் ஒரு முள் இருந்துகொண்டே இருக்கும். எல்லோர் கண் முன்னாலும் விழுந்தால் எல்லோரும் சேர்ந்து கைதட்டுவார்கள்.

கடைசியில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பெரிய சடங்கு எதுவும் இல்லை, கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும், அவ்வளவுதான். எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆகும்.

4. எண் எடுக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

பழைய முறை, மூன்று ஆறுமுக டைஸை உருட்டிக் கூட்டுவது. சராசரி 10.5. 18 விழுவது 216-க்கு ஒரு தடவை. 7 அல்லது அதற்குக் கீழே விழுவது நூற்றுக்குப் பதினாறு தடவை, அதாவது பெரும்பாலும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பலவீனமாவது இருக்கும். விழுந்த வரிசையிலேயே வைத்து, பாத்திரங்கள் அடிக்கடி சாகிற கடினமான ஆட்டத்துக்கு இது நன்றாக இருக்கும். புதியவர்களுக்கு வேண்டாம்.

ஐந்தாம் பதிப்பில் வழக்கமான முறை, நான்கு டைஸை உருட்டி மிகச் சிறியதை விட்டுவிடுவது. சராசரி 12.24-ஆக ஏறும். 18 விழும் வாய்ப்பு 1296-க்கு 21. கேட்க நன்றாக இருக்கும். ஆபத்து ஆளுக்கு ஆள் வரும் இடைவெளியில். நால்வர் குலுக்கினால், யாராவது ஒருவர் கையில் 18 இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. ஒருவர் கையில் 7 அல்லது அதற்குக் கீழே ஓர் எண்ணாவது இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் மூன்று. மச்சான், அக்கா மகள் எண்களை மாடிஃபையராக மாற்றிக் கூட்டிப் பாருங்கள்: அவனுக்கு +11, அவளுக்கு -3. பதினாலு வித்தியாசம். இரண்டு பேரும் ஒரே படகில் போகிறார்கள், பங்கு மட்டும் ஒருவருக்கு முழுசு, ஒருவருக்குக் காலியான பெட்டி.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் புத்தகத்தில் நிலையான வரிசை ஒன்று உண்டு: 15, 14, 13, 12, 10, 8. எல்லோருக்கும் இதே ஆறு. புள்ளி வாங்கும் முறையும் உண்டு: 27 புள்ளி, ஓர் எண்ணை 8 முதல் 15 வரை வாங்கலாம். இரண்டும் நியாயமானவை. ஆனால் குலுக்கும்போது வரும் அந்தப் படபடப்பு இருக்காது. புதிதாக வந்தவருக்கு எந்த எண்ணை எங்கே வாங்குவது என்றே தெரியாததால் 27 புள்ளியைச் செலவழிக்க ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

நான் இப்போது பயன்படுத்துவது சீட்டு முறை. ஒரு சீட்டுக்கட்டிலிருந்து மூன்று இரண்டு, நான்கு மூன்று, நான்கு நாலு, நான்கு ஐந்து, மூன்று ஆறு எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 18 சீட்டு. எல்லாவற்றையும் கூட்டினால் 72. நிலையான வரிசையைக் கூட்டினாலும் அதே 72. சீட்டுகளை நன்றாகக் கலைத்து, மூன்று மூன்றாக ஆறு குவியல் வையுங்கள். ஒவ்வொரு குவியலின் கூட்டலும் ஒரு திறன் எண்.

இதில் எனக்குப் பிடித்தது, மொத்தம் யாருக்கும் மாறாது என்பதுதான். எப்படி விழுந்தாலும் ஆறு மாடிஃபையரின் கூட்டல் +3-க்கும் +6-க்கும் நடுவில்தான் நிற்கும். காரணம் எளிது. ஒற்றைப்படை எண் ஒவ்வொன்றிலும் அரை வீணாகிறது, 13-க்கும் 12-க்கும் ஒரே +1. ஒற்றைப்படையே இல்லாதவருக்கு +6, ஆறும் ஒற்றைப்படையாக விழுந்தவருக்கு +3. ஆக மிஞ்சிப் போனால் மூன்றுதான் வித்தியாசம், பதினாலு இல்லை. அதே சமயம் ஒருவருக்கு 16-உம் 8-உம் விழும், இன்னொருவருக்கு எல்லாம் 11, 12, 13 என்று விழும். ஆட்களுக்கு ஆட்கள் குணம் மாறும், பலம் பெரிதாக மாறாது.

முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியது: இதில் 18 ரொம்ப அபூர்வம். மூன்று ஆறும் ஒரே குவியலில் விழ வேண்டும், அது 136 பேருக்கு ஒருவருக்கு நடக்கும். 6 விழுவதும் அதே அளவு அபூர்வம். பெரும்பாலான எண்கள் 10-க்கும் 14-க்கும் நடுவில் இருக்கும். 18 கனவோடு வருபவரிடம் இதைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றம் ஆகிவிடும்.

சீட்டுக்கட்டைப் பார்த்ததும் வீட்டுப் பெரியவர்கள் காசு வைத்து ஆடுகிறார்கள் என்று நினைப்பது எங்கள் தெருவிலும் நடந்தது. விளக்கிக்கொண்டிருப்பதைவிடப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒரே அளவில் 18 துண்டாக வெட்டி, பின்பக்கம் எண் எழுதிக்கொள்வது நல்லது. அட்டை கெட்டியாக இருக்கும், மடங்காது. வெட்டும்போது எல்லாம் ஒரே பத்திரிகை வகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தொட்டுப் பார்த்தே எது ஆறு என்று கண்டுபிடித்துவிடலாம். ஓர் ஓலைக்கொட்டானில் போட்டுக் குலுக்குங்கள். எங்கள் வீட்டில் அம்மா பூ வைத்திருந்த கொட்டான்தான் இப்போது அதற்கு.

5. சீட்டு எடுக்கும் நாள்

விளையாட்டு தொடங்கும் நாளில் சீட்டு எடுக்காதீர்கள். ஒரு வாரம் முன்னால் தனியாக ஒரு சாயங்காலம் வையுங்கள். எண் தெரிந்தபின் எந்த வகுப்பு, என்ன பெயர், எந்த ஊர் என்று யோசிக்க ஆளுக்கு அவகாசம் வேண்டும். அவசரப்பட்டு எடுத்த வகுப்பை மூன்றாவது வாரம் மாற்றக் கேட்பார்கள். தடைக்காலம் இல்லாத மாதம் என்றால், மறுநாள் விடியற்காலையில் கடலுக்குப் போக வேண்டியவர் யார் என்று கேட்டு நாள் குறியுங்கள். தூக்கக் கண்ணோடு எடுத்த முடிவு நிற்காது.

மே மாதம் கச்சான் காற்று கிளம்பியபின் திண்ணையில் சீட்டைப் பரப்பாதீர்கள், பறந்துவிடும். அறைக்குள் பாய் விரித்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் எடுத்து முடித்ததும் நோட்டில் பதிவு செய்யுங்கள்: தேதி, யார், ஆறு குவியலிலும் விழுந்த சீட்டுகள், கூட்டல். சீட்டுகளையும் எழுதச் சொல்வது சரிபார்ப்புக்காக. ஆறு எண்ணையும் கூட்டினால் 72 வர வேண்டும். வராவிட்டால் ஒரு சீட்டு பாய்க்கு அடியில் இருக்கிறது, அல்லது கூட்டல் தவறு. டைஸ் முறையில் இப்படிச் சரிபார்க்க வழியே இல்லை.

ஓர் உதாரணம். குவியல்கள் இப்படி விழுந்தன: 6, 6, 3 சேர்ந்து 15. 5, 5, 4 சேர்ந்து 14. 6, 4, 3 சேர்ந்து 13. 5, 4, 2 சேர்ந்து 11. 5, 3, 2 சேர்ந்து 10. 4, 3, 2 சேர்ந்து 9. மொத்தம் 72. மாடிஃபையர்கள் +2, +2, +1, 0, 0, -1, கூட்டினால் +4.

இங்கே ஒரு சலுகை வைத்திருக்கிறேன்: ஒற்றைப்படை எண் இரண்டைப் பிடித்து, ஒன்றிலிருந்து ஒரு புள்ளியை இன்னொன்றுக்கு மாற்றலாம். 15-ஐ 16 ஆக்கி, 9-ஐ 8 ஆக்குகிறோம். 9-க்கும் 8-க்கும் ஒரே -1, ஆகவே நட்டமில்லை. 16-க்கு +3, லாபம். கூட்டல் +5 ஆகிவிட்டது. ஆளுக்கு ஒரு ஜோடி மட்டும். எல்லா ஜோடியையும் மாற்றவிட்டால் எல்லோருக்கும் +6 ஆகி, சீட்டு எடுத்ததற்கே பொருள் இல்லாமல் போகும். இந்தச் சலுகையும் ஒப்பந்தத் தாளில் இருக்க வேண்டும்.

நால்வருக்கு எடுத்துப் பதிவு செய்ய நாற்பது நிமிடம் வையுங்கள்.

6. எண்ணை எங்கே வைப்பது

பெரிய எண் வகுப்பின் முக்கியத் திறனுக்கு. விஸர்ட் (படித்த மந்திரவாதி) என்றால் இன்டெலிஜென்ஸ், கிளெரிக் (பூசாரி) என்றால் விஸ்டம், ரோக் (கள்ளன்) என்றால் டெக்ஸ்டெரிட்டி, பாட்டுக்காரரான பார்ட், வேறு இரண்டு வகை மந்திரக்காரர்களான சார்சரர், வார்லாக் மூவருக்கும் கரிஸ்மா. ஃபைட்டர் என்கிற போர்வீரருக்கு ஸ்ட்ரெங்த் அல்லது டெக்ஸ்டெரிட்டி, எந்த ஆயுதம் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்து.

இரண்டாவது பெரிய எண்ணை, என்ன வகுப்பாக இருந்தாலும், கான்ஸ்டிட்யூஷனில் வைக்கச் சொல்வேன். புதியவர்கள் எல்லோரும் தவறுவது இங்கேதான். தாங்கும் சக்தியால் ஒன்றும் செய்ய முடியாதே என்று கடைசி எண்ணை அதில் தள்ளிவிடுவார்கள். பாத்திரம் ஆட ஆட நிலை நிலையாக ஏறும். முதல் நிலையில் விஸர்டின் ஹிட் பாயின்ட், அதாவது எவ்வளவு அடி தாங்குவார் என்ற அளவு, 6, அதோடு கான்ஸ்டிட்யூஷன் மாடிஃபையர். அங்கே 14 வைத்தால் 8 பாயின்ட். 8 வைத்தால் 5 பாயின்ட், ஒரே அம்பில் படுத்துவிடுவார். நிலை ஏறும் ஒவ்வொரு தடவையும் அந்த மாடிஃபையர் மறுபடி சேர்வதால், குறைந்த எண் ஆட்டம் முழுக்க இழுக்கும்.

மேலே உள்ள உதாரணத்தை விஸர்டாக எழுதினால்: இன்டெலிஜென்ஸ் 16, கான்ஸ்டிட்யூஷன் 14, டெக்ஸ்டெரிட்டி 13, விஸ்டம் 11, கரிஸ்மா 10, ஸ்ட்ரெங்த் 8. இதற்குமேல் உங்கள் பதிப்புக்கு ஏற்ற கூடுதலைச் சேருங்கள், ஒரு தடவை மட்டும்.

என்ன விளையாடுவது என்றே தெரியாமல் வருபவருக்கு வேறு வழி உண்டு: குவியல்களை வரிசையாக ஸ்ட்ரெங்த் முதல் கரிஸ்மா வரை அப்படியே வைத்து, ஒரே ஓர் இடமாற்றம் மட்டும் அனுமதியுங்கள். எண்களே ஒரு வகுப்பைக் காட்டிவிடும். இதே மாதிரி இன்னொரு விளையாட்டான வார்ஹாமர் ஃபேண்டஸி ரோல்ப்ளே நான்காம் பதிப்பில் இதற்குப் பரிசே உண்டு: விழுந்த எண்ணை விழுந்த இடத்திலேயே ஏற்பவருக்கு 50 அனுபவப் புள்ளி, இடம் மாற்றிக்கொள்பவருக்கு 25. அதைப் பார்த்துத்தான் நானும் வரிசையை ஏற்பவருக்கு முதல் நாள் ஓர் இன்ஸ்பிரேஷன், அதாவது டைஸ் உருட்டும்போது ஒரு தடவை கைகொடுக்கும் சலுகை, கொடுக்கிறேன்.

7. குறைந்த எண்ணோடு விளையாடும்போது

சீட்டில் 8 விழுந்தவர் முகம் வாடுவதைப் பார்ப்பீர்கள். அவருக்குக் கணக்கைக் காட்டுங்கள். இருபதுமுக டைஸில் ஒவ்வொரு +1-உம் நூற்றுக்கு ஐந்து. 8-க்கும் 12-க்கும் நடுவில் இருப்பது நூற்றுக்குப் பத்துதான். பயிற்சி பெற்ற வேலை என்றால் முதல் நிலையிலேயே +2 ப்ரொஃபிஷியன்சி சேரும், அதற்கும் திறன் எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. நாலாவது நிலைக்கு வந்ததும் ஒரு திறனை இரண்டு புள்ளியோ, இரண்டு திறன்களை ஒவ்வொரு புள்ளியோ ஏற்றிக்கொள்ளலாம். வாரம் ஓர் ஆட்டம் என்றால் எங்களுக்கு ஏழாவது வாரம் அது வந்தது.

சில குறைகளை உபகரணம் மூடிவிடும். ஃபைட்டருக்கு டெக்ஸ்டெரிட்டி 7 விழுந்தால் பயப்பட வேண்டாம், செயின் மெயில் என்கிற இரும்பு வளையக் கவசம் போட்டால் ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் காக்கும் எண்) 16, டெக்ஸ்டெரிட்டி அதில் சேர்வதும் இல்லை, கழிவதும் இல்லை. அதற்கு ஸ்ட்ரெங்த் 13 வேண்டும், இல்லாவிட்டால் நடை பத்தடி குறையும். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதை நடத்துபவருக்கு ஒரு வேண்டுகோள். குறைந்த எண்ணைக் கேலிக்கு எடுக்காதீர்கள். இன்டெலிஜென்ஸ் 8 என்றால் முட்டாள் என்று பொருள் இல்லை, ஏட்டுப் படிப்பு அவ்வளவாக இல்லாதவர். காற்றை முகத்தில் வாங்கியே திசை சொல்லும் ஆட்கள் நம் கரையில் எத்தனை பேர். அவர்கள் பலர் படித்ததே இல்லை, விஸ்டம் அவர்களுக்கு 16 இருக்கும். அக்கா மகள் இரண்டாவது தடவை வந்தபோது எடுத்தது அப்படி ஒரு கிளெரிக். இன்டெலிஜென்ஸ் 8, விஸ்டம் 16. புயலுக்கு முன்னால் கப்பலைத் திருப்பச் சொன்னவள் அவள்தான். மற்ற மூவரும் அவள் பேச்சைக் கேட்டுத்தான் பிழைத்தார்கள்.

குறைந்த எண் உள்ளவரை அந்தத் திறனிலேயே ஒவ்வொரு வாரமும் சோதிப்பதும் தவறு. ஒரு மாலையில் ஆளுக்கு ஒரு காட்சியாவது அவர் பெரிய எண்ணுக்கு வேலை வைக்கும்படி திட்டமிடுங்கள். நான் ஒவ்வொருவரின் மிகப் பெரிய எண்ணையும் என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்து, ஆட்டத்துக்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுவேன்.

8. பாதியில் பாத்திரம் செத்தால், புதியவர் வந்தால்

அதே ஒப்பந்தம், அதே சீட்டு, எல்லோர் முன்னாலும். புதிய பாத்திரம் மற்றவர்களின் நிலையிலேயே தொடங்கட்டும், முதல் நிலைக்குத் தள்ளாதீர்கள். எண் பிடிக்காததால் பாத்திரத்தை வேண்டுமென்றே சாகவிட்டு மறுபடி சீட்டு எடுக்க முயல்பவர் டைஸ் முறையில் கட்டாயம் ஒருவர் இருப்பார். சீட்டு முறையில் அதே 72-தான் திரும்ப வரும் என்பதால் அந்த ஆசை தானாகவே அடங்கிவிடுகிறது.

ஜூன் 14 நெருங்கும்போது கடைசி இரண்டு ஆட்டங்களை நெருக்கி வையுங்கள். படகுகள் இறங்கிவிட்டால் ஆட்களைச் சேர்ப்பது கஷ்டம். முடிந்ததும் ஒப்பந்தத் தாள், பதிவு நோட்டு, கேரக்டர் ஷீட் மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். உப்புக் காற்றில் காகிதம் ஈரம் பிடித்துவிடும். சீட்டுகளை மூடி இறுக்கமான டப்பாவில், ஒரு துணி முடிச்சில் கொஞ்சம் அரிசியோடு வையுங்கள். அடுத்த ஏப்ரலில் எடுத்ததும் முதலில் எண்ணிப் பாருங்கள்: 18 சீட்டு, கூட்டினால் 72.